கடல் வரைபடத்துக்கும் பிழை உண்டு

கோல்டிங் நகரில் வந்து குடியேறிய எம்மவர்களுக்குப் பியோர்ட் புதிய காட்சியல்ல. வேலைக்குப் போகும்போதும் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்லும்போதும் அதன் கரையால் போய்வருகிறோம். கோடை வந்தால் வெள்ளைப் பாய் விரித்த வள்ளங்கள் வரிசையாகக் கிழக்கே போவதையும் பார்க்கிறோம். "பணம் உள்ள ஆட்கள், பொழுது போகாமல் ஓடித் திரிகிறார்கள்" என்று எம்மவர்கள் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பொழுதுபோக்குத்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வள்ளக்காரரில் சிலர் பொழுதுபோக்கோடு ஒரு வேலையும் செய்கிறார்கள். ஒருவரும் அதற்குச் சம்பளம் கொடுப்பதில்லை. அது கடல் வரைபடத்தில் உள்ள பிழைகளைக் கண்டுபிடித்து அரசாங்கத்துக்கு அறிவிக்கும் வேலை.

நான் படித்தது சாதாரண தரம் வரைதான். இங்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தில் நிற்கிறேன். இந்த விடயத்தை எனக்குக் காட்டித் தந்தவர் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் டெனிஷ்காரர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அவரிடம் பழைய பாய்மர வள்ளம் ஒன்று உண்டு. நான் கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளை என்று அறிந்த நாளிலிருந்து கோடையில் இடைக்கிடை என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார். அவரிடமும் அவருடைய சங்கத்தாரிடமும் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றை, புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடல் வரைபடம் என்றால் என்ன என்று பார்ப்போம். தரை வரைபடத்தில் றோட்டும் வீடும் ஆறும் இருக்கும். கடல் வரைபடத்தில் கரைக்கு வெளியே முழுவதும் எண்கள். ஒவ்வொரு எண்ணும் அந்த இடத்து ஆழம். அவற்றோடு பாறை, மணல்மேடு, மூழ்கிய கப்பல், மிதவை, வெளிச்சவீடு, கடலடியில் போகும் மின்கம்பி எல்லாவற்றுக்கும் தனித்தனி அடையாளங்கள் உண்டு. தரையில் வழி தவறினால் திரும்பி வரலாம். கடலில் தண்ணீர் எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஒரு மீற்றர் ஆழமும் பத்து மீற்றர் ஆழமும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே கடலோடி அந்தக் கடதாசியை நம்பித்தான் போகிறான்.

டென்மார்க்கில் இந்த வேலைக்கென்று 1784ஆம் ஆண்டிலேயே அரச கடல் வரைபடக் காப்பகம் ஒன்றை அமைத்தார்கள். அதன் முதல் தலைவர் போல் டி லோவனோன் என்ற கடற்படை அதிகாரி. அந்தக் காலத்தில் ஆழம் அளந்தது ஈயக்குண்டு கட்டிய கயிற்றால். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதிலே கொழுப்பைப் பூசி இறக்குவார்கள். மேலே வரும்போது அதில் மணல் ஒட்டியிருந்தால் அடி மணல், சேறு ஒட்டியிருந்தால் அடி சேறு, ஒன்றும் ஒட்டாமல் வந்தால் கல். எங்கள் ஊரில் கையை விரித்துப் பாகம் பாகமாகக் கயிற்றை அளந்தார்களே, அதே முறைதான். 1989இல் அந்தக் காப்பகம் நில அளவைக்குரிய அலுவலகங்களோடு இணைக்கப்பட்டது. இன்று கடல் வரைபடங்களை வெளியிடுவது ஓல்போர்க்கில் இருக்கும் கெயோடேட்டாஸ்டியூரெல்ஸன் என்ற அரச அலுவலகம். மிதவைகளும் கடல் எச்சரிக்கைகளும் சோபார்ட்ஸ்டியூரெல்ஸன் என்ற கடற்போக்குவரத்து அதிகாரசபையின் பொறுப்பு.

இவ்வளவு பெரிய அலுவலகங்கள் இருக்கும்போது வரைபடத்தில் பிழை எப்படி வருகிறது? நானும் இதைத்தான் முதலில் கேட்டேன். அதற்கு நண்பர் சொன்ன பதில்: "வரைபடம் ஒரு நாள் அளக்கப்பட்டது. கடல் ஒவ்வொரு நாளும் வேலை செய்கிறது."

உண்மைதான். கோல்டிங் பியோர்ட் ஏறக்குறைய 10 கிலோமீற்றர் நீளமானது. அதன் வாய் லிலபெல்ட் என்ற நீரிணையில் திறக்கிறது. லிலபெல்ட்டின் ஒடுங்கிய பகுதியில் ஆழம் 80 மீற்றர் அளவுக்குப் போகிறது, நீரோட்டமும் கடுமையானது. பியோர்ட்டுக்கு உள்ளேயோ ஆழம் குறைந்த குடாக்கள் இருக்கின்றன. வடக்கே கூட்ஸோ குடா, தெற்கே ஆக்ட்ரப் குடா. நீரோட்டமும் காற்றும் மணலையும் சேற்றையும் ஓரிடத்தில் அள்ளி இன்னோரிடத்தில் போடுகின்றன. பனிக்காலத்தில் கடல் உறைந்தால் பனிக்கட்டி மிதவையை இழுத்துக்கொண்டு போகும். வெளிச்ச விளக்கு ஒன்று அணைந்துபோகும். துறைமுகத்தில் புதிய தடுப்புச் சுவர் கட்டுவார்கள், பழைய மரப்பாலத்தைக் கழற்றுவார்கள். இவற்றில் ஒன்று நடந்தாலே அந்த இடத்தில் வரைபடம் பழையதாகிவிடுகிறது.

2023 ஒக்டோபர் 20ஆம், 21ஆம் திகதிகளில் வீசிய கிழக்குப் புயலை இங்கிருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பால்டிக் கடலின் தண்ணீரைக் காற்று தள்ளிக்கொண்டு வந்து யூலன்டின் தென்கிழக்குக் கரையிலும் தெற்குத் தீவுகளிலும் ஏற்றியது. பல இடங்களில் வள்ளத்துறைகளின் பாலங்கள் பிய்ந்தன, வள்ளங்கள் தூணோடு தூணாக மோதி மூழ்கின. ஒரே இரவில் எத்தனை துறைகளின் படம் மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அளவைக் கப்பல் ஒன்று எல்லா இடத்துக்கும் உடனே போகமுடியாது. பெரிய கப்பல் போகும் பாதைகளைத்தான் முதலில் அளப்பார்கள். சிறு குடாவும் சிறு துறையும் பின்னுக்குத்தான் வரும். அந்தச் சிறு இடங்களுக்குத் தினமும் போய்வருபவர்கள் யார்? இந்த வள்ளக்காரர்கள்தான்.

அறிவிக்கும் முறையைச் சொல்கிறேன். அதிலே எனக்குப் பிடித்தது அதன் ஒழுங்கு.

ஆபத்து உடனடியானது என்றால், உதாரணமாக மிதவை கழன்று பாதையின் நடுவே மிதக்கிறது அல்லது பெரிய மரக்குற்றி ஒன்று கிடக்கிறது என்றால், வி.எச்.எவ். வானொலியில் லிங்பி றேடியோ என்ற கரை நிலையத்தைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். 16ஆம் அலைவரிசை அதற்குத்தான். அங்கிருந்து அது மற்ற வள்ளங்களுக்கு எச்சரிக்கையாகப் போகும். உயிராபத்து என்றால் தொலைபேசியில் 112.

அவசரமில்லாத விடயம் என்றால் எழுதி அனுப்ப வேண்டும். கடலோடிகளுக்கான அறிவித்தல் என்று பொருள்படும் எப்டரெட்னிங்கர் போ சோபாரன்ட என்ற வெளியீடு ஒன்றை அதிகாரசபை நடத்துகிறது. மிதவை மாற்றம், விளக்கு மாற்றம், பாலத்து வேலை எல்லாம் அதில் வரும். வரைபடத்திலேயே கைவைக்க வேண்டிய மாற்றங்களை வரைபட அலுவலகம் சோகோட்ரெட்டல்ஸர் என்ற பெயரில் தனியாக வெளியிடுகிறது. கடதாசி வரைபடம் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துப் பேனையால் தங்கள் படத்தில் திருத்திக்கொள்வார்கள். நண்பரின் வரைபடத்தில் இப்படி ஊதாநிறப் பேனையால் போட்ட திருத்தங்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றின் இலக்கத்தையும் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

எழுதி அனுப்புவதில் சில கட்டாயங்கள் உண்டு. எந்த இடம் என்பதை அகலாங்கு நெட்டாங்கோடு எழுத வேண்டும். எந்த நாள், எத்தனை மணி என்று எழுத வேண்டும். எந்த இலக்க வரைபடம், அதில் என்ன இருக்கிறது, நேரில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். எப்படி அளந்தீர்கள் என்றும் சொல்ல வேண்டும். படம் இருந்தால் இணைக்க வேண்டும். கடைசியாகப் பெயரும் தொடர்பும். பெயர் இல்லாமல் எழுதினால் சந்தேகம் வரும்போது யாரிடம் கேட்பது?

ஒருமுறை ஒரு சிறிய மரப்பாலத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இதைச் செய்தோம். படத்தில் இருந்த ஆழத்தைவிட அரை மீற்றர் குறைவாக வள்ளத்தின் ஆழமானி காட்டியது. நண்பர் உடனே எழுதவில்லை. டென்மார்க்கின் உட்கடலில் எங்கள் ஊரில் போல வற்றும் பெருக்கும் பெரிதாக இல்லை. ஆனால் காற்று ஓரிரு நாள் ஒரு பக்கமாக அடித்தால் தண்ணீர் அரை மீற்றரும் அதற்கு மேலும் ஏறும், இறங்கும். படத்தில் உள்ள எண் சராசரி நீர்மட்டத்திலிருந்து கணித்தது. ஆகவே அன்றைக்கு நீர்மட்டம் எவ்வளவு என்று வானிலை நிலையத்தின் தரவைப் பார்த்துக் கழிக்க வேண்டும். ஆழமானியின் கண் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு கீழே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் கூட்ட வேண்டும். அதன் பிறகு வேறு இரண்டு நாட்கள் போனோம். அவர் சுக்கான் பிடிக்க, நான் எண்ணை வாசித்துக் கொப்பியில் எழுதினேன். ஈயக்குண்டுக் கயிறும் இறக்கிப் பார்த்தோம். கயிறு இறக்கியது நான்தான். அந்த வேலை என் கைக்குப் பழக்கமானது. மூன்று நாளும் ஒரே முடிவு வந்தபிறகே கடிதம் போனது. அலுவலகத்திலிருந்து இரண்டு கேள்வி கேட்டு எழுதினார்கள். பதில் அனுப்பினோம். சில மாதங்களின் பின் திருத்தம் வெளிவந்தது. ஒரே ஒரு எண்தான் மாறியது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து எத்தனை பேர் அந்தப் பாலத்துக்குப் போகப் போகிறார்கள்!

இது டென்மார்க்கின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் 1914இல் தொடங்கிய பவர் ஸ்குவாட்ரன் என்ற வள்ளக்காரர் அமைப்பு, 1963இல் அந்நாட்டுக் கரையோர அளவைத் திணைக்களத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அதன்படி அங்கத்தவர்கள் தங்கள் தங்கள் கடலிலும் ஆற்றிலும் பார்த்த மாற்றங்களை ஒழுங்காக எழுதி அனுப்பினார்கள். ஆண்டுதோறும் அதிகம் உழைத்த கிளைகளுக்குப் பாராட்டும் கிடைத்தது. ஆசிரியர், தச்சர், கடைக்காரர், ஓய்வு பெற்றவர் என்று எல்லாத் தொழிலாளரும் அதில் இருந்தார்கள். பிரித்தானியாவில் எச்.102 என்ற படிவம் உண்டு. கப்பல் தலைவனும் அதை நிரப்பலாம், சின்ன வள்ளத்தில் போகிறவரும் நிரப்பலாம்.

பிரித்தானியக் கடல் வரைபட அலுவலகம் என்றவுடன் எம்மவர்கள் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. 1795இல் அந்த அலுவலகத்தின் முதல் தலைவராக வந்தவர் அலெக்சாண்டர் டல்ரிம்பிள். இவர் பதினைந்து வயதளவில் கிழக்கிந்தியக் கம்பனியின் எழுத்தராகச் சென்னைப் பட்டினத்துக்கு அனுப்பப்பட்டவர். கணக்கு எழுத வந்த பையன் கடலில் ஆசை வைத்து, கப்பல் தலைவர்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகளைச் சேர்த்துச் சேர்த்து வரைபடம் வெளியிடத் தொடங்கினார். ஆகவே உலகம் நம்புகின்ற கடல் வரைபடங்களுக்கும் ஆரம்பம் கடலில் போய்வந்தவன் சொன்ன சொல்தான்.

சொல்லாமல் விட்டால், அல்லது சொன்னதைப் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும்? இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

2014 நவம்பர் 29ஆம் திகதி, உலகைச் சுற்றும் வொல்வோ பாய்மரப் போட்டியில் ஓடிய வெஸ்டாஸ் விண்ட் என்ற வள்ளம் இந்து சமுத்திரத்தில், மொறிசியஸ் தீவுக்கு வடகிழக்கே, முருகைக்கல் மேட்டில் ஏறி உடைந்தது. வெஸ்டாஸ் இங்கே ஓகூஸ் நகரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் காற்றாலைக் கம்பனி. அந்த முருகைக்கல் வரைபடத்தில் இல்லாமலில்லை. ஆனால் கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் அது தெளிவாகத் தெரிந்தது. சிறிதாக்கிப் பார்த்தபோது ஆழக்கடல் போலக் காட்டியது. ஒன்பது பேரும் உயிர் தப்பியது பெரிய காரியம்.

மற்றது நேர்மாறானது. அவுஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் இடையில் சான்டி என்று ஒரு தீவு பல வரைபடங்களில் இருந்தது. 1876இல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் சொன்ன சொல்லிலிருந்து வந்த தீவு. 2012 நவம்பரில் அவுஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் ஒன்று அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தது. தீவும் இல்லை, மேடும் இல்லை. 1,300 மீற்றருக்கு மேற்பட்ட ஆழம்! நூறு வருடத்துக்கு மேலாக ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். காணாததை எழுதினாலும் பிழைதான், கண்டதை எழுதாமல் விட்டாலும் பிழைதான்.

இங்கேதான் வரைபடக்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். யாரோ ஒருவர் இங்கே பாறை இருக்கிறது என்று அறிவிக்கிறார். அலுவலகத்தால் உடனே போய் அளக்க முடியவில்லை. என்ன செய்வது? நம்பி அப்படியே போட்டுவிடலாம். நம்பாமல் குப்பையில் போடலாம். அவர்கள் இரண்டும் செய்வதில்லை. அந்த இடத்தில் பாறையைக் குறித்து, பக்கத்தில் அறிவிக்கப்பட்டது என்று பொருள்படும் சுருக்கெழுத்தையும் ஆண்டையும் போடுகிறார்கள். இடம் திட்டமாகத் தெரியாவிட்டால் அதற்கு ஒரு சுருக்கெழுத்து. இருக்கிறதா என்பதே சந்தேகம் என்றால் அதற்கு இன்னொன்று. பின்னர் அளந்து பார்த்து உறுதி செய்வார்கள், அல்லது எடுத்துவிடுவார்கள். அதுவரை அந்தச் சொல்லுக்கு வரைபடத்தில் இடம் உண்டு. காரணம், அது உண்மையாக இருந்து அதை மறைத்துவிட்டால் உயிர் போகும்.

நண்பர் இதை எனக்குச் சாதாரணமாகத்தான் விளக்கினார். ஆனால் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. அகதி விசாரணை மேசையில் இருந்த எங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும், நாங்கள் கண்டதை நாங்கள் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகம் எப்படி இருக்கும் என்று. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், ஆதாரம் என்ன. கேள்விகள் வள்ளக்காரரிடம் கேட்கும் அதே கேள்விகள்தான், கேட்பதும் நியாயம்தான். ஆனால் அங்கே நம்பினோம் அல்லது நம்பவில்லை என்ற இரண்டு பதில்தான் இருந்தது. அறிவிக்கப்பட்டது, இன்னும் அளந்து பார்க்கவில்லை, ஆகவே கவனமாகப் போ என்ற மூன்றாவது பதில் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்பதை நான் ஒரு கடல் வரைபடத்தில்தான் கண்டேன்.

என் அப்பா மயிலிட்டியில் தொழில் செய்தவர். வடபகுதிக் கரையில் முருகைக்கல் நீளத்துக்குக் கிடக்கிறது. அதன் நடுவே வள்ளம் போய்வரும் வழியை வான் என்போம். வானைத் தெரியாதவன் கரைக்கு வரமுடியாது. இருட்டில் வரும்போது கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை, ஒரு பனையையும் அதன் பின்னால் ஒரு கோபுரத்தையும், ஒரே கோட்டில் பிடித்து வருவார்கள். கோடு பிசகினால் கல்லு. டெனிஷ்காரர் இதே முறையை ஓவரெட் என்கிறார்கள். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு விளக்கு வைத்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும் கோட்டில் உள்ளே வருவார்கள். இங்கே அந்தக் கோடு வரைபடத்தில் அச்சடித்து இருக்கிறது. எங்கள் கோடு அப்பாமாரின் தலையில் மட்டும் இருந்தது.

1990இல் மயிலிட்டிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. துறைமுகமும் ஊரும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது 2017 யூலையில். இருபத்தேழு வருடம்! அப்பா 2016இல் வடமராட்சியில், இன்னொருவருடைய கரையில் காலமானார். கடைசிக் காலத்தில் தொலைபேசியில் கதைக்கும்போது வீட்டைப் பற்றிக் கதைக்கமாட்டார். "தம்பி, அந்த வானிலை கிழக்குப் பக்கக் கல்லைக் கவனிக்க வேணும், சோளகக் காலத்திலை தண்ணி இழுக்கும்" என்றுதான் சொல்லுவார். நான் டென்மார்க்கில் நின்றுகொண்டு "ஓம் அப்பா" என்பேன். எந்த அலுவலகமும் அவரிடம் படிவம் கொடுத்துக் கேட்டதில்லை. அவரும் எழுதியதில்லை. அந்தப் பனை இன்று நிற்காது. அவர் தலையில் இருந்த படம் அவரோடு போய்விட்டது.

எங்கள் கடலோடிகள் திறமையில் குறைந்தவர்கள் அல்ல. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். அதை வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அட்லாண்டிக் சமுத்திரம் தாண்டி ஓட்டிச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அப்படிப்பட்டவர்களின் கரையில்கூட வான்களின் பெயர்கள் அச்சு வரைபடத்தில் இல்லை. ஆனால் நீரிணைக்குச் சென்னையில் 1763 முதல் 1767 வரை ஆளுநராக இருந்த றொபர்ட் பாக் என்பவரின் பெயர் இருக்கிறது. எழுதி வைப்பவனின் பெயரும் எழுத்தில் ஏறியவனின் பெயரும்தான் நிலைக்கிறது.

இப்போது இந்த வேலை இன்னும் இலகுவாகி வருகிறது. வள்ளத்தில் உள்ள ஆழமானியும் ஜி.பி.எஸ். கருவியும் ஒரு சிறு பெட்டியில் இணைக்கப்பட்டால், போகும் வழியெல்லாம் ஆழம் தானாகப் பதிவாகும். அப்படிச் சேரும் தரவுகளை ஏற்பதற்குச் சர்வதேச நீரளவியல் நிறுவனம் முறைகள் வகுத்திருக்கிறது. உலகக் கடலடி முழுவதையும் 2030ஆம் ஆண்டுக்குள் வரைபடமாக்கும் நோக்கத்தோடு 2017இல் ஒரு திட்டம் தொடங்கியது. 2025 யூன் மாதம் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி ஒழுங்காக அளக்கப்பட்டிருப்பது 27.3 வீதம்தான். மிகுதி இன்னும் இருட்டு. அரசாங்கக் கப்பல்களால் மட்டும் இது முடியாது என்று அவர்களே சொல்கிறார்கள்.

சரி, இதெல்லாம் புதிதாக வந்த எமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டு வாடகை, மொழி வகுப்பு, பிள்ளைகளின் பாடசாலை என்று ஆயிரம் கவலை. வள்ளம் வாங்கச் சொல்லி நான் எழுதவில்லை. மூன்று விடயம் சொல்கிறேன்.

முதலாவது, தண்ணீரைப் பற்றியது. பிள்ளைகள் டெனிஷ் நண்பர்களோடு வள்ளத்தில் போகக் கேட்பார்கள். தடுக்காதீர்கள். ஆனால் உயிர்காப்பு அங்கி அணியாமல் விடாதீர்கள். வள்ளத்தில் போகும் ஒவ்வொருவருக்கும் ஓர் அங்கி இருக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். இங்கத்தைய தண்ணீர் எங்கள் கடல்போலச் சூடானதல்ல. நன்றாக நீந்தத் தெரிந்தவனையும் குளிர் சில நிமிடத்தில் முடக்கிவிடும். மாலைநேரப் பாடசாலைகளில் கடலோட்ட வகுப்புகள் நடக்கின்றன. குளிர்காலத்தில் வரைபடம் வாசிக்கவும் பாதை போடவும் கற்றுத் தருவார்கள். டெனிஷ் மொழியும் அதோடு வரும். எனக்குத் திசைகாட்டி, நீரோட்டம், ஆழம் என்ற சொற்கள் பாட வகுப்பில் வரவில்லை, வள்ளத்தில்தான் வந்தன.

இரண்டாவது, பேசுவதைப் பற்றியது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம் உண்டு. நாங்கள் அகதிகள், மொழி சரியாகத் தெரியாது, எங்களுக்கேன் வம்பு என்று எதையும் பார்த்துவிட்டுப் பேசாமல் போவோம். குடியிருப்பில் படி உடைந்திருந்தாலும் சொல்லமாட்டோம், நகரசபைக் கடிதத்தில் பிள்ளையின் பிறந்த திகதி பிழையாக இருந்தாலும் சொல்லமாட்டோம். வள்ளக்காரரின் கடிதத்தைப் பாருங்கள். அதில் இலக்கணம் இல்லை, அலங்காரம் இல்லை. இடம், நாள், நேரம், இருக்க வேண்டியது இது, இருப்பது இது, என் பெயர் இது. ஐந்து வரி. இவ்வளவு டெனிஷ் ஆறு மாதம் வகுப்புக்குப் போனவருக்கும் வரும். முறைப்பாடு வேறு, அறிவித்தல் வேறு. கோபமில்லாமல் கண்டதை மட்டும் எழுதினால் இந்த நாட்டில் வாசிப்பார்கள். நம்பாவிட்டாலும் போய்ப் பார்ப்பார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. டென்மார்க்கில் எங்கள் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். 1980களில் வந்தவர்கள் இப்போது பேரப்பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். மயிலிட்டி, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, குருநகர், முல்லைத்தீவு என்று எத்தனை கரை. எந்த வானுக்கு என்ன பெயர், எந்த மாதம் எந்தக் காற்றுக்கு எந்த வழி, எந்தக் கல்லில் எந்த மீன், கரைக்கு வர எந்த இரண்டு அடையாளம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வாடைக்கும் கச்சானுக்கும் சோளகத்துக்கும் கொண்டலுக்கும் கடல் எப்படி மாறும் என்பது அவர்கள் கையெலும்பில் இருக்கிறது. அவர்களிடம் போய் இருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு நிலை, தானே கண்டதா, கேட்டதா என்று பிரித்து எழுதுங்கள். இளம் பிள்ளைகள் தொலைபேசியில் அவர்கள் குரலைப் பதிவு செய்யலாம். இன்று அந்தக் கல் அங்கே இல்லாமலிருக்கலாம், மணல் மூடியிருக்கலாம். பரவாயில்லை. ஆண்டைப் போட்டு, அறிவிக்கப்பட்டது என்று எழுதி வையுங்கள். அளந்து பார்க்கிறவன் பிறகு வரட்டும்.

நான் அப்பா சொன்னவற்றில் நினைவிலிருப்பதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை நான்கு பக்கம் வந்திருக்கிறது. மயிலிட்டி வானைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் இந்தச் சஞ்சிகைக்கு எழுதுங்கள். கிழக்குப் பக்கக் கல்லைப் பற்றி எனக்கு ஒரு பக்கம்தான் தெரியும், மற்றப் பக்கம் உங்களிடம் இருக்கும்.